கேட்க மட்டும் அனுமதி

ஜெனோவா மச்சாடோ தன் நாற்பத்திரண்டாவது வயதில் ஒரு பொய் எழுதினாள். தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களைத் தாண்டிக் கடலோரத்தில் இருந்த விண்தொடர்பு வாரிய அலுவலகத்தில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, யாரும் அவசரப்படுத்தாமல், நிதானமாக எழுதினாள். எழுதியது ஒரே சொல்: இல்லை.

விண்ணப்பத்தின் இருபத்தேழாம் கேள்விக்கு அதுதான் அவள் பதில். 'உங்கள் பெயரிலோ, உங்கள் துணைவர் பெயரிலோ, நீங்கள் ஜாமீன் கையெழுத்திட்ட வகையிலோ, தீர்க்கப்படாத கடன் ஏதேனும் உண்டா?'

கடன் உண்டு. பதினோரு வருடங்களுக்கு முன் அவள் தம்பி டெரன்ஸ் ஒரு விசைப்படகு வாங்க ஆசைப்பட்டான். வங்கி கொடுக்கவில்லை. ஜெனோவாவின் முகத்துக்காக அவள் கணவன் கஸ்பார், பொன்பாண்டி அண்ணாச்சியிடம் முப்பத்தொரு லட்சத்துக்குப் புரோநோட்டு எழுதிக் கொடுத்தான். ஜெனோவா அதில் ஜாமீன் கையெழுத்துப் போட்டாள். இரண்டாம் வருடம் ஒரு புயலில் படகு உடைந்தது. டெரன்ஸ் கத்தாருக்குப் போய்விட்டான். கடன் கஸ்பார் தலையில் நின்றது.

அந்தச் சமயத்தில்தான் கஸ்பாருக்கு 'வலம்புரி' விண்கலத்தில் இடம் கிடைத்தது. சனிக் கோளின் நிலவுக்குப் போகிற கலம். ஆறு பேர். போய்த் திரும்பப் பதினாறு வருடம். கஸ்பாருக்குக் கலத்தில் காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரங்களின் பொறுப்பு. அவனும் அன்று இதே இருபத்தேழாம் கேள்விக்கு 'இல்லை' என்றுதான் எழுதினான். ஜெனோவா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொய் எழுதுறீங்களே?" என்றாள்.

"கலத்துல ஏறிட்டா சம்பளம் மூணு மடங்கு. அஞ்சு வருஷத்துல அடைச்சிரலாம். உண்மையை எழுதினா ஏறவே விட மாட்டாங்க. அப்ப எதை வச்சு அடைக்கிறது?"

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

புறப்பட்ட முதல் எட்டு மாதங்கள் கஸ்பார் மாதம் ஒருமுறை பேசி அனுப்பினான். ஒவ்வொன்றும் இருபது நிமிடப் பேச்சு. கலத்தில் குளிக்க முடியாத கதை, கூட வந்த முகிலன் என்ற பையன் தூக்கத்தில் உளறுவது, வறுத்த நெத்திலி வாசனைக்கு ஏங்குவது, எல்லாம். ஒன்பதாவது மாதம் குரல் வரவில்லை. அதற்குப் பதில் வாரியத்தின் குடும்பப் பிரிவிலிருந்து அச்சடித்த கடிதம் வந்தது. 'உங்கள் கணவர் திரு. கஸ்பார் மச்சாடோ நலமாக உள்ளார். பணியைத் திருப்திகரமாகச் செய்துவருகிறார்.' அதன் பிறகு அதே கடிதம்தான். தேதி மட்டும் மாறும். ஒன்பது வருடத்தில் அப்படி நூறு கடிதங்கள்.

கேட்டபோது, தூரம் அதிகமாகிவிட்டது, தனிப்பட்ட பேச்சுகளை அனுப்புவது சிரமம் என்றார்கள். அவளும் நம்பினாள். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை வாரியம் நடத்தும் குடும்ப நாளில் முகிலனின் அம்மாவைப் பார்த்தாள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள், "போன வாரம்கூட ஒரு மணி நேரம் பேசியிருக்கான். அங்க போயும் வாய் குறையல."

பஸ்ஸில் திரும்பும்போது ஜெனோவாவுக்குக் காது அடைத்ததுபோல் இருந்தது. விசாரித்தவரை மற்ற ஐந்து பேரும் வீட்டுக்குப் பேசுகிறார்கள். கஸ்பார் மட்டும் பேசவில்லை. பேசக் கூடாது என்று யாரும் சொல்லியிருக்க முடியாது, அவனுக்கே பேச விருப்பமில்லை என்று முடிவு செய்தாள். தம்பியின் கடனை அவன் தலையில் கட்டியது தான்தான். நிம்மதியாகத் தூரத்தில் இருக்கிற மனிதன் எதற்குத் திரும்பிப் பார்க்க வேண்டும்?

ஆனாலும் அந்தக் குரல் வேண்டும்போல் இருந்தது. கோபமான குரலாக இருந்தாலும் சரி, தன்னிடம் பேசாத குரலாக இருந்தாலும் சரி. பெண்கள் பள்ளியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தவள், வேலையில் இருந்துகொண்டே சமிக்ஞைப் பொறியியல் படித்தாள். இரண்டு முறை தேர்வில் தோற்று மூன்றாம் முறை தேறினாள். வாரியத்தில் ஆண்டெனா பராமரிப்பில் சேர்ந்து, வெயிலில் நின்று, மெல்ல மேலே வந்தாள். அவள் குறி ஒன்றே ஒன்று: கேட்பறை. வலம்புரியிலிருந்து வரும் ஒலி வெட்டப்படாமல், திருத்தப்படாமல் வந்து விழுகிற ஒரே அறை. அதற்குள் நுழைய அரசின் நம்பகத் தகுதிச் சான்று வேண்டும். அந்த அறையின் குறியீடுகள் கையில் இருந்தால் கலத்துக்குக் கட்டளை அனுப்பலாம், கதவைத் திறக்கச் சொல்லலாம், பாதையைத் திருப்பச் சொல்லலாம். அதனால் உள்ளே போகிறவர்களின் வாழ்க்கையைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். ஒரு கணினி நாட்டின் எல்லா வங்கிக் கணக்குகளையும், வழக்குகளையும், பத்திரங்களையும் ஒரு மணி நேரத்தில் படித்துவிடும்.

அண்ணாச்சியின் புரோநோட்டு வெறும் காகிதம். எந்தக் கணினியிலும் ஏறாதது. அது ஜெனோவாவுக்குத் தெரியும்.

தெரிந்தது இன்னொன்றும் உண்டு. அவள் 'ஆம்' என்று எழுதினால், கஸ்பாரின் 'இல்லை' பொய்யாகிவிடும். பொய் சொன்ன விண்வெளிப் பணியாளரின் நம்பகத் தகுதியை வாரியம் ரத்து செய்யும். நூற்று நாற்பது கோடி கிலோமீட்டருக்கு அப்பால், ஆறு பேருக்குள் ஒருவனாக இருக்கும் மனிதனிடம் 'உன்னை நம்பவில்லை' என்று சொன்னால் என்ன ஆகும்? அவனுக்கு எந்தக் கதவு திறக்கும்?

அதனால்தான் 'இல்லை' என்று எழுதினாள். எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டாள்.

*

நான்கு நாள் கழித்து ஒரு பயம் பிடித்தது. அண்ணாச்சி இப்போது எங்கே இருக்கிறார்? யாராவது போய் விசாரித்தால் என்ன சொல்வார்? எட்டு வருடமாக அவர் ஒருமுறைகூட ஆள் அனுப்பிக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று அவள் யோசித்ததும் இல்லை. கேட்காதவரை நல்லது என்று இருந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை மார்க்கெட் பக்கம் போனாள். அண்ணாச்சியின் மிளகாய் மண்டி இருந்த இடத்தில் செல்போன் கடை இருந்தது. கல்லாவில் அவர் மகன் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணாச்சி இல்லியா?"

"அப்பா தவறி ரெண்டு வருஷமாச்சுக்கா. நீங்க யாரு?"

"தெரிஞ்சவுக. அண்ணாச்சிக்கிட்ட முன்னாடி கொஞ்சம் கொடுக்கல் வாங்கல் இருந்துச்சு."

"அதெல்லாம் அவரோடயே போச்சு. எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. மாரடைப்பு. சாப்பிட்டுக்கிட்டு இருக்கையிலேயே போயிட்டாவ." அவன் கண் கலங்கியது. "இருங்க, ஒரு சர்பத்தாவது குடிச்சிட்டுப் போங்க."

ஜெனோவா சர்பத் குடித்தாள். அது இனிப்பாக, சில்லென்று, தொண்டைக்கு இதமாக இறங்கியது. கடையை விட்டு வெளியே வந்து இருபது அடி நடந்த பிறகுதான் தான் சிரித்துக்கொண்டு நடப்பதைக் கவனித்தாள். வெயிலில், மார்க்கெட் நடுவில், அப்படியே நின்றுவிட்டாள்.

ஒரு மனிதர் செத்துப்போனதற்கு அவள் சந்தோஷப்பட்டிருக்கிறாள். படகு உடைந்த செய்தி கேட்டதும் முதல் ஆளாக வீட்டுக்கு வந்து, 'பணம் கெடக்கட்டும், தம்பி உசுரோட இருக்கான்ல' என்று சொன்ன மனிதர் அவர். கஸ்பாரின் குரலைக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்ட நெஞ்சு இப்படி ஆகிவிட்டதே என்று நினைத்தாள். இந்த நெஞ்சோடு அந்த அறையில் உட்கார்ந்து அவன் குரலைக் கேட்டால் அது தனக்குள் எங்கே போய்த் தங்கும் என்று தெரியவில்லை.

ஞாயிறு முழுவதும் படுத்தே கிடந்தாள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நம்பகத் தகுதி ஆய்வாளர் கோமதிநாயகத்தின் அறை வாசலில் நின்றாள்.

*

கோமதிநாயகம் ஐம்பத்தைந்து வயதுக்காரர். படிக்க ஒன்று, பார்க்க ஒன்று என்று இரண்டு கண்ணாடி வைத்திருந்தார். ஒன்றைக் கழற்றி மற்றொன்றைப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"உக்காருங்கம்மா. நானே உங்களை நாளைக்கு வரச் சொல்லணும்னு இருந்தேன்."

"சார், என் விண்ணப்பத்துல ஒரு பதிலைத் திருத்தணும். இருபத்தேழு."

அவர் கை மேசைமேல் இருந்த ஒரு காகிதத்தின் மேல் போய் நின்றது.

"கடன் இருக்கு சார். முப்பத்தொரு லட்சம். புரோநோட்டு. நான் ஜாமீன் போட்டிருக்கேன். இல்லன்னு எழுதினது பொய். தெரிஞ்சேதான் எழுதினேன்."

"யாரும் மிரட்டினாங்களா?"

"இல்ல சார். கொடுத்தவர் செத்துட்டார். யாருக்கும் தெரியாது."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

அவளால் மார்க்கெட்டில் நின்றதைச் சொல்ல முடியவில்லை. "மனசுக்குள்ள வச்சுக்க முடியல சார்" என்றாள்.

கோமதிநாயகம் ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசச் செய்தன.

"எல்லாரும் ஒண்ணைத் தப்பா நினைக்கிறாங்கம்மா. கடன் இருந்தா அரசாங்கம் நம்பாதுன்னு. கடன் யாருக்கு இல்ல? எனக்கு வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது வருஷம் இருக்கு. நோய் வந்து கடன் வாங்கியிருப்பாங்க, வேலை போய் வாங்கியிருப்பாங்க, உங்களை மாதிரி சொந்தக்காரனுக்குக் கையெழுத்துப் போட்டு மாட்டியிருப்பாங்க. வெளிய சொல்லி, கொஞ்சம் கொஞ்சமா அடைச்சுக்கிட்டு வந்தா நாங்க கண்டுக்க மாட்டோம். மறைச்சா கதை வேற. மறைச்சு வச்சது ஒரு பிடி மாதிரி. அந்தப் பிடி எவன் கைக்குப் போகுதோ அவன் இழுத்த பக்கம் நீங்க போகணும். நாளைக்கு ஒருத்தன் வந்து, உன் புருஷன் பொய்யை வெளிய சொல்லாம இருக்கணும்னா அந்தக் குறியீட்டைக் கொடுன்னு கேட்டா என்ன செய்வீங்க?"

அவள் கேட்க வந்த கேள்வி வேறு.

"அவருக்கு என்ன ஆகும் சார்? அவரும் இல்லன்னுதான் எழுதினார். எனக்காகத்தான். தண்டனை எதுவா இருந்தாலும் எனக்குக் கொடுங்க. அவ்வளவு தூரத்துல இருக்கிற மனுஷனை நம்பலன்னு சொல்லிராதீங்க."

கோமதிநாயகம் கண்ணாடியைக் கழற்றினார்.

"அதை எட்டு வருஷம் முன்னாடியே சொல்லியாச்சும்மா."

அவளுக்குப் புரியவில்லை.

"உங்க வீட்டுக்காரர் புறப்பட்ட எட்டாவது மாசம், அவரே கலத்துல இருந்து ஒரு வாக்குமூலம் கொடுத்தார். யாரும் கேட்கல. அவரா கொடுத்தது. உங்களைப் பத்தின பகுதியை மட்டும் நான் படிச்சுக் காட்டலாம். விதியில இடம் இருக்கு."

அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்துப் பிரித்து, தாழ்ந்த குரலில் படித்தார்.

"'தினமும் காலையில் நான் காற்று சரியாக இருக்கிறது என்று சொல்கிறேன். மற்ற ஐந்து பேரும் திரும்பிக்கூடப் பார்க்காமல் முகமூடியைக் கழற்றிவிட்டு மூச்சு விடுகிறார்கள். அதைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. என் விண்ணப்பத்தில் ஒரு பொய் இருக்கிறது. பொன்பாண்டி அண்ணாச்சிக்கு முப்பத்தொரு லட்சம் தர வேண்டும். என் சம்பளத்தில் பிடித்து அவருக்கு நேராக அனுப்பிவிடுங்கள். என் மனைவி வற்புறுத்தி இது நடக்கவில்லை. எனக்கு என்ன தண்டனை என்றாலும் அதன் காரணத்தை அவளிடம் சொல்ல வேண்டாம். சொன்னால் தம்பியோடு பேசமாட்டாள். நான் வரும் வரைக்கும் அவளுக்கு அவன் ஒருவன்தான் இருக்கிறான்.'"

கோப்பை மூடினார்.

"அவர் தகுதியை ரத்து செஞ்சாங்க. திரும்பி வர்ற வரைக்கும் ஒலிவாங்கி முன்னாடி உக்காரக் கூடாது, சொந்தமா எதுவும் அனுப்பக் கூடாது. காற்று வேலையை மட்டும் எடுக்க முடியல, வேற ஆள் இல்ல. அவர் கையை நம்பினாங்க, வாயை நம்பல."

ஜெனோவா மனத்துக்குள் எண்ணிப் பார்த்தாள். நூறு கடிதங்கள். ஒவ்வொன்றையும் பிரித்து, படித்து, அவன் தன்னை வெறுக்கிறான் என்று நினைத்து மடித்து வைத்த நூறு மாதங்கள். வீட்டுக்கு வரும் அவன் சம்பளம் குறைந்தபோது ஏதோ சம்பள மாற்றம் என்று நினைத்தாள். அண்ணாச்சி ஏன் கேட்கவில்லை என்பதும் இப்போதுதான் புரிந்தது.

"அப்ப கடன்?"

"மூணு வருஷம் முன்னாடியே முடிஞ்சுபோச்சு. வட்டியோட. அண்ணாச்சி ரசீது கொடுத்திருக்கார், கோப்புல இருக்கு."

"அப்ப நான் இல்லன்னு எழுதினது..."

"சரியான பதில்தான்." அவர் தன் கைக்கு அடியிலிருந்த காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். அவள் பெயர் போட்ட நம்பகத் தகுதிச் சான்று. முதல் தரம். கீழே அவருடைய கையெழுத்து. "வெள்ளிக்கிழமையே போட்டுட்டேன். நாளைக்கு உங்களை வரச் சொல்ல இருந்தது இதைக் கொடுக்கத்தான். கேட்கலாம், பேசலாம், கட்டளை அனுப்பலாம். கடன் இல்ல, பதிலும் சரி. எல்லாம் பொருந்தி வந்துச்சு."

ஜெனோவா அதில் தன் பெயரை இரண்டு முறை படித்தாள்.

"ஆனா நீங்க அதைப் பொய்ன்னு நினைச்சு எழுதியிருக்கீங்க" என்றார். "சட்டத்துல முக்கியம் அதுதான். தெரிஞ்சு ஏமாத்த நினைச்சது. இதை நான் பதிவு செஞ்சா குழுவுக்குப் போகும். என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாது." பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றவில்லை. "நான் இன்னும் ஒரு வார்த்தை எழுதலம்மா. இங்க நீங்க சொன்னது எனக்கும் உங்களுக்கும்தான் தெரியும். சான்றை வாங்கிட்டு எழுந்து போனீங்கன்னா, நான் டீ குடிக்கப் போயிருவேன்."

அவள் அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். கையை நீட்டினால் எட்டும். பேசலாம் என்று அதில் இருந்தது. 'என்னங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் எழுபத்தொன்பது நிமிடத்தில் அது அங்கே போய்ச் சேரும். ஒன்பது வருடமாக அவன் தன் பெயரைச் சொல்லக்கூட விரும்பவில்லை என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தாள். இப்போது அது அப்படியில்லை.

"எழுதிக்கோங்க சார்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"அவர் எட்டாவது மாசத்துல சொல்லிட்டார். நான் ஒன்பது வருஷம் கழிச்சுச் சொல்றேன். இதை வாங்கிட்டுப் போனா அவர்கிட்ட என்னன்னு பேசுவேன்?"

கோமதிநாயகம் பேனா மூடியைக் கழற்றினார். எழுதி முடிக்கும்வரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

*

குழு முடிவு சொல்ல மூன்று மாதம் ஆனது. அதற்குள் ஜெனோவா கத்தாருக்குப் போன் செய்தாள். டெரன்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஒவ்வொரு விவரத்தையும் திரும்பக் கேட்டான். பிறகு, "அத்தான் வந்ததும் நானும் ஊருக்கு வந்திருதேன்க்கா. மாசாமாசம் ஏதாவது அனுப்புதேன், வேண்டாம்னு சொல்லாத" என்றான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன்மேல் தனக்குக் கோபம் வரும் என்றுதான் எதிர்பார்த்தாள். வந்தது அழுகை.

குழுவின் ஆணை ஒரு பக்கம். தானாக முன்வந்து திருத்தியது சாதகம். ஏமாற்றும் நோக்கத்தோடு பதில் எழுதியது பாதகம். எனவே இரண்டாம் தரச் சான்று. கேட்பறையில் பதிவாளராக அமரலாம். கேட்க மட்டும் அனுமதி. எந்தச் சமிக்ஞையும் அனுப்ப அனுமதி இல்லை. ஏழு ஆண்டுக்குப் பின் மறுபரிசீலனை.

ஏழு ஆண்டில் கஸ்பாரே வந்துவிடுவான்.

கேட்பறையின் பொறுப்பாளர் சுபைதா பேகம். குறைவாகப் பேசுகிறவர். முதல் நாள் ஜெனோவாவின் கையில் ஹெட்போனையும் ஒரு நோட்டையும் கொடுத்தார்.

"புதன்கிழமை பதினோரு மணிக்குக் கலத்தோட தலைவி நந்திதா தர்ற வார அறிக்கை வரும். இடது பக்கம் அவங்க சொல்றதை எழுதணும். வலது பக்கம் பின்னணி ஒலி. பெரும்பாலும் பம்பு, விசிறி, பாத்திரச் சத்தம். எந்த ஒலியையும் விடக் கூடாது. இயந்திரக் கோளாறை முதல்ல காதுதான் கண்டுபிடிக்கும்."

முதல் புதன்கிழமை தலைவி பதினான்கு நிமிடம் பேசினார். பின்னணியில் ஒரு பம்பு சீராக ஓடிக்கொண்டிருந்தது. அதை ஓட்டுவது அவன் என்று ஜெனோவாவுக்குத் தெரியும். பதினான்கு நிமிடமும் அந்தச் சத்தத்தையே கேட்டாள். இரண்டாவது வாரம் யாரோ இருமினார்கள். 'ஓர் ஆண் இருமல், இரண்டு முறை' என்று எழுதினாள். யார் என்று எழுதத் தைரியம் இல்லை. மூன்றாவது, நான்காவது வாரங்களில் பம்பு மட்டும்தான்.

நான்காவது வார முடிவில் சுபைதா ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார், "பணியாளர் பட்டியல். இந்த அறையில யார் யார் உக்காருறாங்கன்னு மாசம் ஒரு தடவை கலத்துக்கு அனுப்புவோம். அவங்க சொல்றதை யார் கேட்கிறாங்கன்னு அவங்களுக்குத் தெரியணும்ல."

தாளில் மூன்றாவது பெயர் ஜெனோவா மச்சாடோ.

அடுத்த புதன்கிழமை தலைவி நந்திதா எரிபொருள் அளவு, வெப்பநிலை, மண் மாதிரிகள் என்று வழக்கம்போல் சொல்லிக்கொண்டு போனார். ஒன்பதாவது நிமிடத்தில் பின்னால் ஒரு இரும்புத் தகடு விழுந்த சத்தம். பிறகு ஒரு குரல். கொஞ்சம் தடித்திருந்தது, கொஞ்சம் மூச்சு வாங்கியது. ஆனால் உச்சரிப்பு ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

"ஏலே முகிலா. எனக்கு இப்ப கடைவாய்ப் பல்லு ரெண்டு இல்ல, தெரியும்லா?"

"தெரியும்ணே. நான்தானே பிடுங்கினேன்."

"தலை பாதி நரைச்சுட்டு. கண்ணாடி போட்டாத்தான் மீட்டர் தெரியுது. மத்தபடி உடம்புக்கு ஒண்ணுமில்ல. ராத்திரி நல்லா தூங்குதேன்."

"அண்ணே, பக்கத்துலதான நிக்கேன். எதுக்கு இவ்வளவு சத்தமா சொல்லுதிய? இதெல்லாம் எனக்குத் தெரியாதா?"

"சும்மா சொல்லுதேன். கேட்டுக்க."

ஜெனோவாவின் பேனா ஓடிக்கொண்டிருந்தது. கண்ணீர் விழுந்து எழுத்து கலைந்த இடத்தில் மறுபடி எழுதினாள். தலைவி, "அறிக்கை முடிந்தது" என்றார். வழக்கமாக அதற்கடுத்த நொடி 'டக்' என்று இணைப்பு அறும். அன்று அறவில்லை. தலைவி இணைப்பைத் திறந்தே வைத்திருந்தார்.

"ஒரு ஆளுக்கு ஒன்பது வருஷமா ஒரு வார்த்தை சொல்லாம இருந்தா, அந்த ஆளு என்னல நெனைக்கும்?" என்றது குரல்.

முகிலன் இப்போது புரிந்துகொண்டிருக்க வேண்டும். கொஞ்சம் பொறுத்து, அவனும் சத்தமாகவே சொன்னான். "காரணம் தெரிஞ்சா ஒண்ணும் நெனைக்க மாட்டாவண்ணே."

"தெரிஞ்சிருக்குமா?"

"தெரியாம அந்த அறைக்குள்ள போக முடியாதுண்ணே. எல்லாத்தையும் கேட்டுத்தான விடுவாவ."

பிறகு நீண்ட நேரம் பம்பு மட்டும் கேட்டது. ஜெனோவாவுக்கு முன்னால் மேசையில் ஒலிவாங்கி இருந்தது. அதன் பொத்தான் அவள் விரலுக்குத் திறக்காது. திறந்தாலும், அங்கே அவன் இதைச் சொல்லி எழுபத்தொன்பது நிமிடம் ஆகியிருந்தது.

"சரி வாலே," என்றது குரல் கடைசியில். "சாப்பாடு ஆறிப்போவுது."

டக்.

வலது பக்கம் முழுவதும் நிரம்பி, அடுத்த பக்கத்துக்கும் போயிருந்தது. ஜெனோவா கீழே, 'பேசியவர்கள்: முகிலன்; கஸ்பார் மச்சாடோ, என் கணவர்' என்று எழுதி, தேதி போட்டு, சுபைதாவின் மேசையில் வைத்தாள்.

சுபைதா இரண்டு முறை படித்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார்.

"இது மேல போகும், தெரியும்ல? அடுத்த தடவை அவரை அந்தப் பக்கமே வரவிடாம செஞ்சாலும் செய்வாங்க."

"தெரியும் மேடம்."

"'தெளிவற்ற பேச்சு'ன்னு ஒரு வரி போட்டிருக்கலாம். நிறைய பேர் அப்படித்தான் போடுவாங்க. நானும் கேட்டிருக்க மாட்டேன்."

"தெளிவாத்தான் கேட்டுச்சு மேடம்."

சுபைதா அவளைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு பக்கத்தின் கீழும் கையெழுத்துப் போட்டு, நோட்டைக் கோப்புக்குள் வைத்துக் கட்டினார்.

கோப்பு அன்று மதியமே போனது. அடுத்த செவ்வாய்வரை எந்தப் பதிலும் வரவில்லை. புதன்கிழமை பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே ஜெனோவா வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, புதுப் பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போட்டாள். வலது பக்கத்தைக் கொஞ்சம் அகலமாக விட்டாள்.